பழைய வண்டி ஸ்லோ நிக்கலன்னா மொதல்ல ஸ்குரூவ தொடாதீங்க

வேலூர் கிரீன் சர்க்கிள் கிட்ட டிராஃபிக்ல நிக்கும்போது வண்டி பக் பக்னு மிஸ் அடிச்சு ஆஃப் ஆவுதா, ஆக்ஸிலேட்டர முறுக்கி முறுக்கியே ஓட்டினு இருக்கீங்களா? இதுக்கு நிறைய பேர் பண்றது ஒன்னே ஒன்னுதான், ஸ்லோ ஸ்குரூவ (ஆக்ஸிலேட்டர் முறுக்காம நிக்கும்போது இன்ஜின் ஓடற வேகம்தான் ஸ்லோ, அத ஏத்தி எறக்கற ஸ்குரூ) ரெண்டு சுத்து ஏத்தி வுட்டுட்டு "இப்ப நிக்குது பாருங்க"ன்னு அனுப்பிடுவாங்க. நிக்கும்தான். ஆனா கோளாறு அங்கயேதான் கீது, அதுக்கு மேல பெட்ரோலும் குடிக்கும், ஃபர்ஸ்ட் கியர் போட்டா டொக்குனு இடிக்கும்.

நான் சொல்றது கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பறது) வெச்ச ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிங்களுக்கு, பழைய ஸ்ப்ளெண்டர், பேஷன், விக்டர் மாதிரி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 பொகை ரூல் வந்த அப்பால வர்ற எஃப்ஐ (கார்ப்ரேட்டருக்கு பதிலா இன்ஜெக்டர் வெச்ச) வண்டிக்கு ரூட்டே வேற.

மொதல்ல எப்ப மிஸ் அடிக்குதுன்னு கவனிங்க. காலைல கூலா இருக்கும்போது மட்டுமா, சூடான அப்பால மட்டுமா, இல்ல எப்பவுமேவா. அதுக்கப்புறம் ஒரு சின்ன டெஸ்ட், இதுக்கு காசே கிடையாது. வண்டிய நல்லா ஓட்டி சூடாக்கி ஸ்லோல வெச்சிட்டு சோக்க (காத்த கொறச்சு பெட்ரோல ஜாஸ்தி பண்ற லீவர்) மெதுவா கொஞ்சமா இழுங்க. சூடான இன்ஜின்ல சோக் போட்டா நல்ல வண்டி திணறணும். அப்படி இல்லாம ஸ்லோ நல்லா சீரா ஆவுதுன்னா பெட்ரோல் பத்தல இல்ல எங்கயோ காத்து அதிகமா போவுதுன்னு அர்த்தம். சோக் தொட்ட உடனே இன்னும் மோசமாயி கறுப்பா பொகை வந்தா பெட்ரோல் ஏற்கனவே அதிகம், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்ல சோக்கே முழுசா தொறக்காம பாதியில மாட்டினு இருக்கும், இல்ல கார்ப்ரேட்டர் உள்ள பெட்ரோல் லெவல நிறுத்தற ஃப்ளோட் (மிதவை) கோளாறாகி லெவல் ஏறி இருக்கும். பாலாத்து பக்கம் மணல் தூசிலயே ஓட்டறவங்க ஏர் ஃபில்டர முதல்ல பாத்துடுங்க.

நம்ம ஊர்ல நிறைய வண்டிக்கு காத்து லீக்தான் வியாதின்னு நான் சொல்லுவேன். கார்ப்ரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவுல இன்டேக் பைப் இருக்கு பாருங்க, அந்த ஜாயின்ட்ல ஒரு ஓரிங் (ரப்பர் வளையம்) வரும். வேலூர் வெயில்ல வருஷக்கணக்கா வெந்து வெந்து அது பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாயிடும், அப்பால அந்த எடத்துல மயிரிழை கேப் வந்தா போதும், ஸ்லோல மட்டும் பெட்ரோல் காத்து கலவை கெட்டுடும், ஸ்பீடுல போனா தெரியவே தெரியாது. கண்டுபிடிக்க சோப்புத் தண்ணிய ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி ஸ்லோல ஓடும்போது அந்த ஜாயின்ட் மேல மட்டும் லேசா அடிங்க. ப்ளக் பக்கம் படாம பாத்துக்குங்க. அடிச்ச உடனே ஸ்லோ ஏறியோ எறங்கியோ மாறினா லீக் அங்கதான். சில பேர் பெட்ரோலத் தெளிச்சு பாப்பாங்க, சூடான சைலன்ஸர் பக்கத்துலயே இருக்கு, தயவுசெஞ்சு வேணாம். ஓரிங் அஞ்சு பத்து ரூபா சமாச்சாரம், மாத்தும்போது போல்ட்ட ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, ஒரே பக்கம் முறுக்கினா ஜாயின்ட் மூஞ்சி கோணி மறுபடியும் லீக் ஆவும்.

லீக் இல்லன்னா பெட்ரோல் பக்கம் வாங்க. பெட்ரோல் டேப்ப மூடிட்டு கார்ப்ரேட்டர் அடியில இருக்கற டிரெயின் ஸ்குரூவ தொறந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிச்சு பாருங்க. அடியில முத்து முத்தா உருண்டு நின்னா தண்ணி. இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, அது ஈரத்த இழுக்கும், ரொம்ப நாள் நிறுத்தி வெச்ச வண்டில இது நிறைய வரும். செவப்பா துரு தெரிஞ்சா டேங்க கழுவினாதான் தீரும். கார்ப்ரேட்டர மட்டும் எத்தன தடவ சுத்தம் பண்ணாலும் மறுபடியும் அடைக்கும்.

அடுத்தது கார்ப்ரேட்டர் உள்ள இருக்கற ஸ்லோ ஜெட், ஸ்லோல பெட்ரோல் வர்ற சின்ன பித்தளை குழாய். அதுல இருக்கற ஓட்டை ஊசி முனை கூட போவாத அளவு சின்னது. கழட்டி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா வட்டமா தெரியணும். கம்பி போட்டு குத்தாதீங்க, பித்தளை, ஓட்டை பெருசாயிடுச்சுன்னா ஜெட்டே வீண். கார்ப் கிளீனர் அடிச்சு ஊற வெச்சிட்டு பஞ்சர் கடைல காத்து புடிச்சா போதும்.

அடுத்தது ப்ளக். பிஸ்கட் கலரா இருந்தா சரி, வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் கம்மி, காஞ்ச கரி புடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, ஈரமா எண்ணெய் பிசுக்கா இருந்தா ஆயில் மேல ஏறுது. ப்ளக் மேல மாட்டற மூடி, ஒயர் மேல சந்தேகம்னா ராத்திரி இருட்டுல ஸ்டார்ட் பண்ணி பாருங்க, நீலமா பொறி வெளியில ஓடினா, ஓடற எடத்த பொறுத்து மூடியோ ஒயரோ மாத்துங்க.

கூலா இருக்கும்போது நல்லா நின்னு சூடான அப்பால ஆஃப் ஆவற வண்டிக்கு டேப்பெட்ட (வால்வ தள்ற பாகத்துல இருக்கற இடைவெளி) பாக்கணும். சத்தம் வர்ற டேப்பெட்டுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க, சத்தமே இல்லாம டைட்டா இருக்கறதுதான் ஆபத்து, சூட்டுல வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் ஒழுகும், அப்படியே வுட்டா வால்வு எரிஞ்சிடும். இத ராத்திரி பூரா ஆறின இன்ஜின்லதான் செட் பண்ணணும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) வெச்சு. கைத்திட்டத்துல பண்றவங்க கிட்ட குடுக்காதீங்க. டேப்பெட் சரியா இருந்தும் கிக்கர் மிதிச்சா லூசா போவுதுன்னா ரிங், வால்வு வேல, அத நல்ல மெக்கானிக் கிட்ட வுட்டுடுங்க.

இதெல்லாம் சரி பண்ண அப்பாலதான் ஸ்குரூ. ஏர் ஸ்குரூவ (ஸ்லோவுக்கான கலவைய மாத்தற ஸ்குரூ, ஸ்லோ ஸ்குரூ இல்ல) உள்ள லேசா முட்டற வரைக்கும் சுத்தி எத்தன சுத்துன்னு எண்ணி எழுதி வெச்சிட்டு பழைய எடத்துக்கே கொண்டாங்க. அந்த ஸ்குரூ ஃபில்டர் பக்கம் இருந்தா உள்ள சுத்தினா பெட்ரோல் ஜாஸ்தி, இன்ஜின் பக்கம் இருந்தா வெளிய சுத்தினா ஜாஸ்தி, இது தெரியாம தலைகீழா செட் பண்றவங்க நிறைய பேர். சூடான இன்ஜின்ல கால் கால் சுத்தா திருப்பி ஸ்லோ எங்க அதிகமா ஏறுதோ அங்க நிறுத்துங்க, அப்பால ஸ்லோ ஸ்குரூவ எறக்குங்க, ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு 1400 ஆர்பிஎம் கிட்ட. ஆர்பிஎம் மீட்டர் இல்லன்னா ஹெட்லைட் போட்டும் ஆஃப் ஆவாம நிக்கற அளவு. கடைசியா ஹேண்டில்பார ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி பாருங்க, சத்தம் ஏறினா ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்குது, அதுக்கு ஃப்ரீ ப்ளே (கொஞ்சம் தளர்வு) குடுத்துட்டு ஸ்லோவ இன்னொரு தடவ பாத்துடுங்க.