வேலைக்கு நடுவே விஷுவல் நாவல் ஆடுவது எப்படி?

கதை பிடிக்கும், ஆனால் உட்கார நேரமில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது விஷுவல் நாவலைத்தான், அதாவது படங்களோடு வரும் வசனங்களைப் படித்து, நடுவில் கேட்கும் தேர்வுகளைச் செய்து கதையை நகர்த்தும் கேம். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் வந்தால் வீடு திரும்பவே இரவு பத்து ஆகிவிடும். அந்த மாதத்திலும் நான் விடாமல் ஆடியது 'காஃபி டாக்'.

இந்தோனேசியாவின் டோகே புரொடக்‌ஷன்ஸ் 2020இல் வெளியிட்ட கேம் இது. சியாட்டிலில் இரவில் மட்டும் திறக்கும் ஒரு காபிக் கடை, அங்கே காபி போடுபவர் நீங்கள். வருகிறவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள், நடுவில் குடிக்க ஏதாவது கேட்பார்கள். கடை மூடினால் அன்றைய பாகம் முடிந்தது. அதனால் தூங்குவதற்கு முன் ஓர் இரவு மட்டும் ஆடுங்கள். அடுத்த நாளின் செய்தித்தாள் திரையில் வந்ததும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், மூடிவிடுங்கள்.

பானம் கலக்கும்போது பதற வேண்டாம், நேரக் கெடு கிடையாது. காபி, தேநீர் என ஒன்றை அடிப்படையாக எடுத்து, பால், இஞ்சி, பட்டை, தேன் போன்றவற்றில் இரண்டைச் சேர்க்க வேண்டும். யார் என்ன கேட்டார் என்பதைக் கவனமாகப் படியுங்கள். தப்பான பானம் கொடுத்தால் சிலருடைய கதையே வேறு பக்கம் போய்விடும். களைத்துப்போன நாளில் இந்த இடத்துக்கு வந்தால், நாளைக்கு ஆடிக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவதே நல்லது.

மற்ற விஷுவல் நாவல்களுக்கும் சில பழக்கங்கள் உதவும். ரென்பை மென்பொருளில் செய்தவை ஏராளம். அவற்றில் பெரும்பாலும் எந்த வரியிலும் சேமிக்கலாம், மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் பழைய வசனம் திரும்ப வரும். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பத்து வரி பின்னால் போய்ப் படித்துவிட்டுத் தொடருங்கள், விட்ட இடம் பிடிபடும். தேர்வு கேட்கும் இடத்தில், தேர்வு செய்வதற்கு முன்பே சேமியுங்கள். அப்புறம், வசனம் தானாக நகரும் 'ஆட்டோ' முறையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். நல்ல வசனமெல்லாம் ஆளில்லாமல் ஓடிவிடும்.

வேலை நாட்களில் தவிர்க்க வேண்டியது 'மிஸ்டிக் மெசஞ்சர்' மாதிரி நிஜ நேரத்தில் நடப்பவை. 2016இல் வந்த இந்தக் கொரிய கேமில் கதாபாத்திரங்களுடனான அரட்டைகள் குறித்த நேரத்தில் திறக்கும், நள்ளிரவுக்குப் பிறகும் திறக்கும். தவறவிட்டதில் கலந்துகொள்ள கேமுக்குள் காசு மாதிரி இருக்கும் மணற்கடிகாரங்களைச் செலவழிக்க வேண்டும். ஒரு கதை 11 நாள் ஓடும். அழகான கதைதான், நீண்ட விடுப்பு கிடைக்கும்போது ஆடுங்கள்.