வெடிக்காத களிமண் சொப்பு: என் அனுபவம்

பிள்ளைகள் செய்த அடுப்பும் யானையும் மறுநாளே வெடித்ததற்கு மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றைக் காயவைத்த எங்கள் வேலூர் மொட்டைமாடியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மேல்பக்கம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நின்றால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது ஏரிக் களிமண்ணை 2 நாள் ஊறவைத்துக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, கெட்டியானதும் 4 பங்குக்கு 1 பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசைகிறேன். பென்சில் கனத்தில் உருட்டி விரலில் சுற்றினால் கீறக்கூடாது, கையிலும் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் தராதீர்கள். தொட்டுத் தொட்டுத் தடவியே பொம்மையைச் சேறாக்கிவிடுவார்கள். ஈரத்துணி போதும்.

யானையின் வயிற்றைக் கரண்டியால் குடைந்துவிட வேண்டும். சுவர் 1 செ.மீ. தாண்டக்கூடாது. காது, தும்பிக்கை ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் முள்கரண்டியால் கீறி, தயிர் பதத்தில் கரைத்த அதே மண்ணைத் தடவி அழுத்தணும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் காது கையோடு வரும்.

முதல் நாள் பாலிதீன் மூடி, பிறகு 3 நாள் நிழலில், திருப்பித் திருப்பி. ஃபேன் வேண்டாம்.

மயிரிழை விரிசலுக்கு ஈர மண் நிற்காது, சுருங்கி உதிரும். காய்ந்த மண்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்தால் நிற்கும்.

இது சுடாத மண். நீர் பட்டால் கரையும். சொப்பில் ரசம் வைத்து விளையாட வரும் பிள்ளையிடம் தண்ணீருக்குப் பதில் பொரியைக் கொடுத்துவிடுங்கள்.