வேலூர் வலைப்பூவுக்கு ஒரு நடைதாள்: எந்த உலாவியிலும் தமிழ் உடையாமல் வடிவமைத்தல்

வேலூர்க் கோட்டை, பாலாற்றங்கரை ஊர்கள், ஆற்காட்டு நவாபுகள் எனப் பழைய வட ஆர்க்காட்டின் வரலாற்றை எழுதும் வலைப்பூ ஒன்றுக்கு, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைதாள் மொழியான சிஎஸ்எஸ் கொண்டு தீம் (பக்க வடிவமைப்பு) அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒருவர் காட்பாடி சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது சிறிய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறப்பார். இன்னொருவர் குடியாத்தத்தில் பழைய விண்டோஸ் கணினியில் திறப்பார். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஐபோனில் திறப்பார். மூன்றிலும் பக்கம் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி தோன்ற வேண்டும் என்று முயல்வது வீண் உழைப்பு. மூன்றிலும் கட்டுரை தடையின்றிப் படிக்கக் கிடைக்க வேண்டும், ஓர் எழுத்தும் உடையக் கூடாது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

எனவே வண்ணத்திலிருந்து தொடங்க வேண்டாம். நடைதாளே இல்லாமல், உள்ளடக்கத்தை மட்டும் தாங்கும் எச்டிஎம்எல் பக்கத்தை முதலில் திறந்து, தலைப்பு, கட்டுரை, பட்டி (மெனு) ஆகியவை படிக்கத் தக்க வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை லாங் பண்புக்கூற்றில் குறித்துவிடுங்கள். திரைவாசிப்பான்களும் எழுத்துருத் தேர்வும் அதைச் சார்ந்திருக்கின்றன. அடுத்து, எல்லா உறுப்புகளுக்கும் பாக்ஸ்-சைசிங் பண்பை பார்டர்-பாக்ஸ் என்று வையுங்கள். ஓரத்தையும் உள்விளிம்பையும் அகலத்துக்குள் சேர்ப்பதா, வெளியே கூட்டுவதா என்பதில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 ஒரு கணக்கையும் தரநிலை வேறொரு கணக்கையும் பின்பற்றியதால் விளைந்த தொல்லை நெடுங்காலம் நீடித்தது. இந்த ஒரே வரி அந்தக் கணக்கை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது.

உலாவிகளின் பெயர்கள் பல என்றாலும், நிரலைப் படித்துப் பக்கத்தை வரைந்து காட்டும் பொறிகளில் முதன்மையானவை மூன்றே. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் குரோம், ஓபரா, சாம்சங் இன்டர்நெட், 2020 ஜனவரி முதல் எட்ஜ் ஆகியவை பிளிங்க் பொறியில் ஓடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். ஆகவே குரோமிலும் எட்ஜிலும் மாறி மாறிச் சோதித்தால் ஒரே பொறியை இருமுறை சோதித்ததாகவே ஆகும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவு விண்டோஸ் 10-இன் பொதுப் பதிப்புகளில் 2022 ஜூன் 15 அன்று முடிந்துவிட்டதால், அதற்கென எழுதப்பட்ட குறுக்குவழிகளைப் பழைய தீம்களில் கண்டால் தயங்காமல் நீக்கலாம்.

தனக்குப் புரியாத அறிவிப்பை (பண்பும் அதன் மதிப்பும் சேர்ந்த ஒரு வரியை) உலாவி பிழை காட்டாமல் விட்டுவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடும். இணக்கச் சிக்கலுக்கு சிஎஸ்எஸ் தரும் மிகப் பெரிய உதவி இதுதான். பழைய உலாவிக்குப் புரியும் மதிப்பை முதலில் எழுதி, அதன் கீழே புதிய மதிப்பை எழுதினால், புரிந்துகொண்ட உலாவி இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், மற்றது முதலாவதோடு நிற்கும். கைப்பேசியில் முகவரிப் பட்டை மறையும்போதும் தோன்றும்போதும் முழுத்திரைப் படம் தாவுவதைத் தடுக்க, உயரத்தை 100 விஎச் (திரை உயரத்தில் நூறு விழுக்காடு) என்று எழுதி அடுத்த வரியில் 100 எஸ்விஎச் (முகவரிப் பட்டை தெரியும்போது மீதமுள்ள சிறிய உயரத்தில் நூறு விழுக்காடு) என்று எழுதுவது இம்முறையே. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் அமைப்பு 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டதால் அதைத் துணிந்து பயன்படுத்தலாம். ஆனால் உறுப்புகளை ஒரே வரிசையில் அடுக்கும் ஃப்ளெக்ஸ் அமைப்பில், அவற்றுக்கிடையே இடைவெளி விடும் கேப் பண்பு சஃபாரிக்கு 2021-இல் வந்த 14.1 பதிப்பில்தான் கிடைத்தது. ஒரு பண்பை உலாவி அறியுமா என்று கேட்கும் சப்போர்ட்ஸ் விதியால் இதைச் சோதிக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். கிரிட்டில் கேப் முன்பே இருந்ததால் அந்தப் பழைய சஃபாரியும் ஆம் என்றே விடை சொல்லும். பட்டியில் ஊர்ப்பெயர்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்க உறுப்பின் வெளிவிளிம்பான மார்ஜினால் இடைவெளி கொடுப்பதே பாதுகாப்பானது.

இனித் தமிழுக்கே உரிய சிக்கல்களுக்கு வருவோம். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட ஆயத்த தீம்கள் சறுக்குவது இங்கேதான். எழுத்துரு எதையும் குறிப்பிடாவிட்டால் பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகளில் நோட்டோ சான்ஸ் தமிழ் என ஒவ்வொன்றும் வேறு அகலத்தில் தோன்றும். ஒரு திறந்த எழுத்துருவை, வலைக்கெனச் சுருக்கப்பட்ட வோஃப்2 வடிவில் நீங்களே இணைத்து, ஃபாண்ட்-டிஸ்பிளே பண்புக்கு ஸ்வாப் மதிப்பைக் கொடுங்கள். இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில் எழுத்துரு வந்து சேரும் வரை கருவியின் சொந்த எழுத்துருவிலேயே கட்டுரையைப் படிக்கலாம்.

வரி உயரத்தை அலகில்லாத எண்ணாக, 1.7 அளவில் வையுங்கள். தலைப்புக்கு 1.2 வைத்து ஓவர்ஃப்ளோவை (பெட்டிக்கு வெளியே வழியும் பகுதியை) மறைத்தால் கூ, ழு போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்படக்கூடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் லெட்டர்-ஸ்பேசிங் வேண்டவே வேண்டாம். ஸ்ரீபுரம், லக்ஷ்மி போன்ற சொற்களில் கூட்டெழுத்து பிளந்துவிடும் வாய்ப்புண்டு. சாய்வெழுத்தும் தமிழுக்குப் பொருந்துவதில்லை: சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவை உலாவி தானே சாய்த்துக் காட்டுவதால் படிப்பது கடினமாகிறது. அழுத்தம் தர வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து போதும்.

ஜலகண்டேஸ்வரர், பேரணாம்பட்டிலிருந்து போன்ற நீண்ட சொற்கள் 360 பிக்சல் அகலத் திரையின் பெரிய தலைப்பில் வெளியே வழியும். ஓவர்ஃப்ளோ-ரேப் பண்புக்கு பிரேக்-வேர்ட் மதிப்பைக் கொடுத்தால் வரியில் அடங்காத சொல் மட்டும் உடையும். வேர்ட்-பிரேக் பண்பின் பிரேக்-ஆல் மதிப்போ, அடுத்த வரியில் முழுதாக அடங்கக்கூடிய சொல்லையும் நடுவில் முறித்துவிடும். தமிழ்க் கட்டுரையில் அதை நான் ஏற்பதில்லை. சொல் இன்னமும் வழிந்தால், அது இருக்கும் கிரிட் அல்லது ஃப்ளெக்ஸ் உறுப்பின் மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) சுழியமாக உள்ளதா என்று பாருங்கள்.

வண்ணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: கோடையில் 40 பாகையைத் தாண்டும் வேலூர் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவருக்கு வெளிர்சாம்பல் எழுத்து தெரியவே தெரியாது. அணுகுதன்மை வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்கும், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான குறைந்தபட்ச மாறுபாட்டு விகிதம் 4.5:1. இங்குள்ள வாசகருக்கு 7:1 வைப்பதே நியாயம்.

சோதனைக்கென ஒரு பக்கத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஊர்ப்பெயர்கள், கூட்டெழுத்துகள், அகலமான அட்டவணை, மேற்கோள், படம் யாவும் அதில் இருக்கட்டும். கணினியில் குரோமின் உருவாக்குநர் கருவிகளில் உள்ள கைப்பேசிக் காட்சி திரை அளவை மாற்றிக் காட்டுமே தவிர, பொறியை மாற்றாது. ஐபோனில் எப்படித் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. மேக் கணினி இல்லாதவர்கள் லினக்ஸில் க்னோம் வெப் உலாவியை நிறுவிக்கொள்ளலாம். அதுவும் வெப்கிட் பொறியில் இயங்குவதால் சஃபாரியின் பல வேறுபாடுகள் அங்கேயே தெரிந்துவிடும். ஏதேனும் ஓர் உலாவியில் மட்டும் அமைப்பு கலைந்தால், அந்த உலாவிக்கென உடனே தனி வரி சேர்க்காமல், நடைதாளின் பாதியை நீக்கிப் பாருங்கள். கோளாறு நீங்கினால் நீக்கிய பாதியிலும், நீங்காவிட்டால் மீந்த பாதியிலும் தேடுங்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஒற்றை அறிவிப்பில் வந்து நிற்பீர்கள். பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு பழைய மதிப்பைச் சேர்த்தாலே கோளாறு தீர்ந்துவிடும்.