எந்த ஃபைல் சொல்வது செல்லும்? கான்ஃபிக் முன்னுரிமையைக் கண்டுபிடிக்கும் வழி

ஃபைலைத் திறந்து மதிப்பை மாற்றியாச்சு, சேவ் பண்ணியாச்சு, சர்வீஸை ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. ஆனால் பழைய மதிப்புதான் இன்னும் ஓடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அதே செட்டிங் இன்னொரு ஃபைலிலும் இருக்கிறது, அந்த ஃபைலின் பேச்சுதான் எடுபடுகிறது. எந்த ஃபைல், ஏன் அது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. டெர்மினல் திறப்பது, சூடோ போடுவது, ஃபைலை எடிட் பண்ணுவது இதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே வரிசையைத்தான் சொல்வார்கள்: புரோகிராமுக்குள் இருக்கும் டிஃபால்ட், அதற்கு மேல் சிஸ்டம் ஃபைல், அதற்கு மேல் யூசர் ஃபைல், அதற்கு மேல் புராஜெக்ட் ஃபைல், அப்புறம் என்விரான்மென்ட் வேரியபிள், எல்லாவற்றுக்கும் மேலே கமாண்ட் லைனில் கொடுப்பது. பல இடங்களில் இது சரி. ஆனால் இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனால் சரியாக அவசரமான நேரத்தில் காலை வாரிவிடும். ஏனென்றால் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, நமக்குப் பிரச்சினை வருவதும் அந்த விதிவிலக்கில்தான்.

படி 1: ஃபைலைப் படிக்காதீர்கள், புரோகிராமைக் கேளுங்கள்

ஃபைல் ஃபைலாகத் திறந்து கண்ணால் ஒப்பிட்டுக்கொண்டு உட்காருவது வீண் வேலை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்த பிறகு கடைசியில் எந்த மதிப்பு நிற்கிறது என்று காட்டும் கட்டளை நல்ல சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதைத்தான் முதலில் ஓட்ட வேண்டும்.

கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், கிட் கான்ஃபிக் கட்டளையோடு லிஸ்ட், ஷோ-ஆரிஜின் என்று இரண்டு ஆப்ஷன் கொடுத்தால் ஒவ்வொரு மதிப்பும் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே பாதையோடு வரும். ஷோ-ஸ்கோப் சேர்த்தால் சிஸ்டமா, குளோபலா, லோக்கலா என்பதும் தெரியும். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் கிட் அளவுக்குப் புதியவர்களுக்கு உதவுகிற டூல் குறைவு.

தூரத்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் கிளையன்ட் (நம் பக்கத்து புரோகிராம்) என்றால் ஹைஃபன் பெரிய ஜி போட்டு ஹோஸ்ட் பெயரைக் கொடுங்கள். கனெக்ட் பண்ணாமலேயே, அந்த ஹோஸ்ட்டுக்கு என்னென்ன செட்டிங் பொருந்தும் என்று கொட்டிவிடும். சர்வர் பக்கம் எஸ்எஸ்ஹெச்டி, ஹைஃபன் பெரிய டி. சின்ன டி போட்டால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மௌனமாக முடிந்துவிடும், அதைப் பார்த்து எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சிஸ்டம்சிடிஎல் கேட். மெயின் ஃபைலையும் அதன் மேல் ஒட்டிய துண்டு ஃபைல்களையும், ஒவ்வொன்றின் பாதையையும் மேலே போட்டு வரிசையாகக் காட்டும். பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் கான்ஃபிக் என்ற துணைக்கட்டளை. பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பில் கான்ஃபிக் டீபக். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் பிஜி_செட்டிங்ஸ் என்ற வியூவில் சோர்ஸ்ஃபைல், சோர்ஸ்லைன் என்று இரண்டு காலம் (நெடுவரிசை) இருக்கிறது, எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்பது வரை சொல்லும் (சூப்பர்யூசராக நுழைந்து பாருங்கள், சாதாரண யூசருக்கு அந்தக் காலங்கள் காலியாக வரும்).

இந்த ஒரு படியிலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும். கிடைக்காதவர்கள் கீழே தொடருங்கள்.

படி 2: முந்தினது செல்லுமா, பிந்தினது செல்லுமா?

இதுதான் என்னை வெகுநேரம் உட்கார வைத்த இடம், அதனால் இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் போகிறேன்.

கிட், சிஸ்டம்டி, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், கம்போஸ் இவை எல்லாம் பிந்தினது செல்லும் ரகம். பின்னால் படித்த மதிப்பு முன்னால் படித்ததை அழித்துவிடும். இவற்றோடே பழகியவர்களுக்கு எங்கே போனாலும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

எஸ்எஸ்ஹெச் நேர்மாறு. கிளையன்ட், சர்வர் இரண்டுமே. முதலில் எந்த மதிப்பு கண்ணில் படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு அதே செட்டிங் எத்தனை முறை வந்தாலும் திரும்பிப் பார்க்காது. பந்திக்கு முந்துகிற ஆசாமி.

உபுண்டு சர்வர் ஒன்றில் பாஸ்வேர்டு லாகினை நிறுத்த வேண்டும் என்று வையுங்கள். எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் வரியில் நோ என்று போடுகிறீர்கள். ரீஸ்டார்ட். வெளியிலிருந்து முயன்றால் ஜம்மென்று பாஸ்வேர்டு கேட்கிறது. ஃபைலைத் திறந்தால் நோ என்றுதான் இருக்கிறது!

அந்த ஃபைலின் மேல்பகுதியைப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்ற ஃபோல்டரில் உள்ள .கான்ஃப் ஃபைல்களை எல்லாம் உள்ளே இழுக்கும் இன்க்ளூட் வரி ஒன்று அங்கே இருக்கும். இழுப்பது மேலே நடக்கிறது, நீங்கள் எழுதியது கீழே இருக்கிறது. அந்த ஃபோல்டருக்குள் போனால் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்று ஒரு ஃபைல் இருக்கலாம், வாடகை சர்வரை முதல் முறை ஏற்றும்போது கிளவுட்-இனிட் என்ற தொடக்க அமைப்பு புரோகிராம் எழுதி வைத்தது. அதில் யெஸ். முந்தினது செல்லும் என்பதால் அந்த யெஸ்தான் நிற்கும், நீங்கள் கீழே போட்ட நோவை அது மதிக்கவே மதிக்காது.

இங்கே இரண்டாவது பொறியும் இருக்கிறது. "சரி, அப்படியானால் நானும் அதே ஃபோல்டரில் ஒரு ஃபைல் போடுகிறேன்" என்று பலரும் 99 என்று தொடங்கும் பெயரில் ஒன்றை உருவாக்குவார்கள், ஏனென்றால் மற்ற எல்லா இடங்களிலும் 99 என்றால் கடைசி, கடைசி என்றால் ஜெயிக்கும். எஸ்எஸ்ஹெச்சில் 99 என்றால் கடைசி, கடைசி என்றால் தோற்கும். இங்கே போட வேண்டியது 00 அல்லது 10. சில உபுண்டு கிளவுட் இமேஜ்களில் 60-கிளவுட்இம்ஜி-செட்டிங்ஸ்.கான்ஃப் என்று இன்னொன்றும் வரும், அதில் நோ என்றே இருக்கும். 50-இல் யெஸ், 60-இல் நோ என்றால் நிற்பது யெஸ். இந்த இரண்டு ஃபைலையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு பெரிய டி போட்டு வரும் விடையைப் பாருங்கள், இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

50-ஐத் திருத்துவதா, 10 என்று புதிதாகப் போடுவதா? என் ஓட்டு புதிய ஃபைலுக்குத்தான். வேறொரு புரோகிராம் எழுதிய ஃபைலில் நாம் கை வைத்தால், அது மறுபடி எழுதும் நாளில் நம் மாற்றம் போய்விடும். எப்படிச் செய்தாலும் சரி, இப்போது திறந்திருக்கும் செஷனை மூடாமல் இன்னொரு டெர்மினலில் சாவி வைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே வாருங்கள்.

கிளையன்ட் பக்கமும் இதே கதைதான். உங்கள் கான்ஃபிக் ஃபைலில் ஹோஸ்ட் நட்சத்திரக்குறி என்ற பொதுப் பகுதியை மேலே எழுதினால், அதில் உள்ள யூசர் பெயரே எல்லா ஹோஸ்ட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும், கீழே தனித்தனியாக எழுதியது வீண். தனிப்பட்டவை மேலே, பொதுவானது கடைசியில்.

படி 3: பெயர் வரிசையைச் சரிபார்க்கவும்

துண்டு ஃபைல்கள் எழுத்து வரிசையில் படிக்கப்படும், எண் வரிசையில் அல்ல. 100 என்று தொடங்கும் ஃபைல் 20-க்கு முன்னால் போய் நிற்கும், 9 என்று தொடங்குவது 10-க்குப் பின்னால் வரும். எப்போதும் இரண்டு இலக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், சண்டையே வராது.

நீட்டிப்பையும் பாருங்கள். .கான்ஃப் என்று முடியாத ஃபைலை மேலே சொன்ன இன்க்ளூட் தொடவே தொடாது. சூடோ விதிகள் இருக்கும் சூடோயர்ஸ்.டி ஃபோல்டரில் தலைகீழ்: ஃபைல் பெயரில் புள்ளி இருந்தாலே அதைத் தாண்டிப் போய்விடும், பெயரின் முடிவில் டில்டே (~) இருந்தாலும் அப்படித்தான். எடிட்டர்கள் விட்டுப்போகும் பேக்கப் ஃபைல்கள் தெரியாமல் அமலுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஆசையாக .கான்ஃப் போட்டுச் சேமித்தவருக்கு ஒரு எச்சரிக்கைகூட வராது.

மைஎஸ்க்யூஎல்லிலும் இந்த மாதிரி ஒன்று உண்டு, அது பெயரைப் பார்ப்பதில்லை, அனுமதியைப் பார்க்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி திறந்து கிடக்கும் கான்ஃபிக் ஃபைலை அது படிக்காமலே விட்டுவிடும். எச்சரிக்கை ஒன்று வரும்தான், அதை யார் படிக்கிறார்கள்!

படி 4: அழிக்குமா, சேர்க்குமா?

ஒற்றை மதிப்பு என்றால் ஒன்று இன்னொன்றை அழிக்கும். பட்டியல் என்றால் பெரும்பாலும் சேர்ந்துகொண்டே போகும். எஸ்எஸ்ஹெச்சில் ஐடென்டிட்டிஃபைல் (எந்தச் சாவி ஃபைல் என்று சொல்லும் வரி) பலமுறை வந்தால் எல்லாவற்றையும் வரிசையாக முயலும். கம்போஸில் இரண்டாவது ஃபைலில் போர்ட்ஸ் கொடுத்தால் முதல் ஃபைலின் போர்ட்டுகள் போகாது, கூடவே சேரும். ஆனால் கமாண்ட் என்பது முழுதாக மாற்றப்படும்.

சிஸ்டம்டியில் இது நன்றாகவே கடிக்கும். ஒரு சர்வீஸின் எக்ஸெக்ஸ்டார்ட்டை (எந்தக் கட்டளையை ஓட்டித் தொடங்குவது என்று சொல்லும் வரி) மாற்ற சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டுப் புதிய வரியை எழுதினால், ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸெக்ஸ்டார்ட் இருக்கிறது என்று சொல்லி சர்வீஸைத் தொடங்கவே மறுத்துவிடும். பழையது அழியவில்லை, புதியது அதோடு சேர்ந்திருக்கிறது. முதலில் எக்ஸெக்ஸ்டார்ட் என்று எழுதிச் சமக்குறி போட்டு, வலப்பக்கம் எதுவுமே எழுதாமல் ஒரு வரி விட வேண்டும். அது பட்டியலைக் காலி செய்யும். அடுத்த வரியில் புதிய கட்டளை. பார்ப்பதற்குத் தப்பு மாதிரி இருக்கும் அந்தக் காலி வரி இல்லாமல் வேலை நடக்காது. கிட்டின் கிரெடென்ஷியல் ஹெல்பரும் (பாஸ்வேர்டை நினைவில் வைக்க உதவும் செட்டிங்) இப்படித்தான், காலி மதிப்பு கொடுத்தால் அதற்கு முன் சேர்ந்த பட்டியல் கலைந்துவிடும்.

இன்னொன்று: சிஸ்டம்டியில் எட்சி ஃபோல்டருக்குக் கீழே அதே பெயரில் முழு யூனிட் ஃபைல் (ஒரு சர்வீஸை விவரிக்கும் ஃபைல்) போட்டால், யூஎஸ்ஆர் லிப் பக்கம் இருக்கும் ஒரிஜினல் முழுதாக மறைந்துவிடும், ஒரு வரிகூட கலக்காது. ஒரே ஒரு செட்டிங்குக்காக முழு ஃபைலையும் காப்பி அடிக்காதீர்கள். பேக்கேஜ் அப்டேட்டில் ஒரிஜினல் திருந்தினாலும் உங்களிடம் பழசே ஓடிக்கொண்டிருக்கும். எதையெல்லாம் இப்படி மறைத்து வைத்திருக்கிறோம் என்று பார்க்க சிஸ்டம்டி-டெல்டா என்று ஒரு கட்டளை இருக்கிறது, பலர் கண்ணில் படாத நல்ல சரக்கு.

படி 5: ஃபைல் சரி, ஓடுகிற புரோகிராம்?

படி 1-இல் சொன்ன கட்டளைகளில் பல, ஃபைலில் இப்போது இருப்பதைத்தான் காட்டும். எஸ்எஸ்ஹெச்டி பெரிய டி அப்படித்தான், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் நேற்றைய மதிப்போடு இருக்கலாம். எனவே ரீலோட் அல்லது ரீஸ்டார்ட். சிஸ்டம்டி யூனிட்டைக் கையால் எடிட் செய்தால் முதலில் டீமன்-ரீலோட். போஸ்ட்கிரஸில் சில செட்டிங்குக்கு ரீலோட் போதாது, அதே பிஜி_செட்டிங்ஸில் பெண்டிங்_ரீஸ்டார்ட் என்ற காலம் ட்ரூ என்று காட்டினால் ரீஸ்டார்ட்தான் வழி.

பின்சேர்க்கை: வந்த கேள்விகள்

கிட்டில் ஆபீஸ் மெயில், சொந்த மெயில் என்று பிரிக்க இன்க்ளூட்இஃப் (நிபந்தனை பொருந்தினால் மட்டும் இன்னொரு ஃபைலை இழுக்கும் வரி) போட்டும் வேலை செய்யவில்லை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டு இடம் பாருங்கள். கிட்டிர் என்று கொடுக்கும் ஃபோல்டர் பாதையின் முடிவில் சாய்கோடு இருக்க வேண்டும், இருந்தால்தான் அதற்குள் உள்ள எல்லா ரெப்போவுக்கும் பொருந்தும். அடுத்தது வரிசை. இன்க்ளூட் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே விரிக்கப்படும். அதற்குக் கீழே யூசர் பகுதியில் ஈமெயில் மறுபடி இருந்தால், பிந்தினது செல்லும் என்ற விதிப்படி கீழே இருப்பதே ஜெயிக்கும். இன்க்ளூட்இஃப் வரிகளை ஃபைலின் கடைசிக்குத் தள்ளுங்கள். ரெப்போவுக்குள் நின்றுகொண்டு சோதியுங்கள், வெளியே நின்றால் அந்த நிபந்தனை பொருந்தவே பொருந்தாது. அப்புறமும் மாறவில்லை என்றால் கிட்_ஆதர்_ஈமெயில் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் எங்காவது செட் ஆகியிருக்கிறதா பாருங்கள், அது எந்த ஃபைலுக்கும் மசியாது.

சிஸ்டம்டியில் 99 என்று ஃபைல் போட்டு என்விரான்மென்ட் வரியில் வேரியபிளை மாற்றியும் பழையதே வருகிறது என்றால், யூனிட்டில் என்விரான்மென்ட்ஃபைல் என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அந்த ஃபைலில் உள்ள மதிப்பு, என்விரான்மென்ட் வரி எங்கே இருந்தாலும் அதை மிதித்துவிடும். இங்கே எண் வரிசைக்கு மதிப்பில்லை.

கம்போஸில் ஓவர்ரைடு ஃபைல் (மெயின் ஃபைலின் மேல் சேரும் இரண்டாவது ஃபைல்) தானாக எடுபடும் என்று நம்பி, கூடவே ஹைஃபன் எஃப் போட்டு ஒரு ஃபைல் பெயரையும் கொடுத்தால் ஓவர்ரைடு எடுபடாது. ஹைஃபன் எஃப் கொடுத்துவிட்டால் நீங்கள் பெயர் சொன்னவை மட்டும்தான், ஓவர்ரைடையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

உபுண்டு 24.04-இல் எஸ்எஸ்ஹெச் போர்ட்டை மாற்றினேன், பெரிய டி புதிய எண்ணைக் காட்டுகிறது, ரீஸ்டார்ட் செய்தும் பழைய போர்ட்டில்தான் காத்திருக்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். அங்கே போர்ட்டில் காத்திருப்பது எஸ்எஸ்ஹெச்டி அல்ல, சிஸ்டம்டியின் எஸ்எஸ்ஹெச்.சாக்கெட். டீமன்-ரீலோட் போட்டுவிட்டு எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள், புதிய போர்ட் திறக்கும். ஃபயர்வாலில் அந்த எண்ணை முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.