பல வகை நூல்களைத் தேடுவதும் மதிப்புரை எழுதுவதும்: சிங்கப்பூர் வாசகருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் தமிழ் நூல்களுக்குப் பஞ்சமில்லை. வாங்கலாமா, இரவல் பெறலாமா, இதற்கு நேரம் ஒதுக்கலாமா என்று அலமாரியின் முன் தயங்கி நிற்கும் வாசகருக்குக் கைகொடுக்கும் மதிப்புரைகளுக்குத்தான் பஞ்சம். நூல் வெளியீட்டு விழாவில் ஆற்றப்படும் வாழ்த்துரை நூலாசிரியரைச் சிறப்பிப்பதற்கானது. அதற்கு உரிய இடம் உண்டு. அதே வாழ்த்துரை சில திருத்தங்களுடன் மதிப்புரை என்ற பெயரில் அச்சேறும்போது, அதை நம்பி நூலை வாங்கியவர் ஏமாற்றமடைகிறார். அடுத்து வரும் நல்ல நூலைப் பற்றி யார் எழுதினாலும் அவர் நம்புவதில்லை. மதிப்புரை என்பது நூலாசிரியருக்காக அன்றி வாசகருக்காக எழுதப்படுவது என்ற நிலைப்பாட்டை மனத்தில் உறுதிசெய்துகொண்டால், எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, எதை எழுதுவது என்ற கேள்விகள் பெரும்பாலும் எளிதாகிவிடும்.

எங்கே தேடுவது

பலரும் நூலகத்தில் நேராகக் கதைப்பகுதிக்குச் சென்று, பழகிய இரண்டு மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நூலக அலமாரிகளில் உள்ள டியூவி தசம எண்களை அறிந்துகொள்வது இந்தப் பழக்கத்தை மாற்ற நல்ல வழி. தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணின்கீழ் வருகிறது. அதனை அடுத்து 1 வந்தால் கவிதை, 2 வந்தால் நாடகம், 3 வந்தால் புனைகதை. பயண நூல்களை 910 முதலும், வாழ்க்கை வரலாறுகளை 920 என்ற எண்ணிலும், சமையல் நூல்களை 641.5 என்ற எண்ணிலும், அறிவியலை 500களிலும் தேடலாம். நான்கு நூல்கள் எடுத்தால் அவற்றுள் ஒன்று இதுவரை கைவைக்காத எண்ணிலிருந்து வரட்டும் என்று ஒரு விதி வகுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றைக் கடைசிப் பக்கம்வரை படித்தே தீர வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டு இயல்களையும் நடுவில் ஓர் இயலையும் படித்துவிட்டு முடிவு செய்யலாம். நடுப்பகுதியைப் படிக்காமல் மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் மெருகேற்றப்பட்ட தொடக்கம் எந்த நூலுக்கும் வாய்க்கக்கூடும்.

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரவல் நூலகமும், 7 முதல் 13 வரையிலான தளங்களில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகமும் இயங்குகின்றன. மேற்கோள் நூலகத்து நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்றாலும், சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தைத் தேடுவோருக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. இங்கு வெளியாகும் அச்சு நூல்களின் இரண்டு படிகளைப் பதிப்பாளர் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், கடைகளில் என்றோ தீர்ந்துபோன சிறு கவிதைத் தொகுப்புகூட அங்கே பாதுகாக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், 1965க்குப் பிந்தைய 50 ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தன்னார்வலர் குழு ஒன்றும் வாரியமும் சேர்ந்து மின்மயமாக்கின. அந்தத் திரட்டில் ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டால், நம் முந்தைய தலைமுறை எந்தெந்த வகைகளில் எழுதிப் பார்த்திருக்கிறது என்பது விளங்கும்.

நூலின் பின்னட்டையில் பட்டைக்குறியீட்டை ஒட்டி அச்சிடப்பட்டிருக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணையும் கவனியுங்கள். 978க்குப் பிறகு 981 அல்லது 9971 என்று வந்தால் அது சிங்கப்பூர்ப் பதிப்பு. 81 அல்லது 93 என்றால் இந்தியா. 955 அல்லது 624 என்றால் இலங்கை. 967 அல்லது 983 என்றால் மலேசியா. இந்த எண் பதிப்பகம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டுமே தவிர, எழுத்தாளர் எங்கிருக்கிறார் என்பதைக் காட்டாது. நம் எழுத்தாளர்கள் பலர் சென்னையில் நூல் வெளியிடுகிறார்கள். ஆயினும் ஓராண்டில் படித்த நூல்களின் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஈழத்து எழுத்தோ மலேசிய எழுத்தோ நம் வாசிப்பில் எவ்வளவு குறைவு என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

சிங்கப்பூர் இலக்கியப் பரிசின் இறுதிப் பட்டியல்களும் நல்ல வழிகாட்டிகள். 1992இல் தொடங்கப்பட்ட அப்பரிசு இப்போது தமிழ் உள்ளிட்ட நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும், புனைவு, கவிதை, அபுனைவு எனப் பிரிவுகளாக வழங்கப்படுகிறது. பரிசு பெற்ற நூலோடு நிறுத்திக்கொள்ளாமல் பட்டியலில் இருந்த மற்ற நூல்களையும் படியுங்கள். மலாய், சீன மொழிப் பட்டியல்களில் மொழிபெயர்ப்பில் கிடைப்பவற்றையும் தேடுங்கள். ஒரே புளோக்கில் அடுத்த வீட்டில் வாழ்பவரின் மொழியில் என்ன எழுதப்படுகிறது என்பதை அறியாமல் சிங்கப்பூர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைகளைப் பொறுத்தவரை, தேக்கா வட்டாரத்தில் தமிழ் நூல்களும், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஆங்கில, சீனப் பழைய நூல்களும் கிடைக்கும். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஏராளமான புது நூல்கள் வெளியாகின்றன. பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும் உறவினரிடம் பட்டியல் கொடுத்தனுப்புவோர் அதை டிசம்பரிலேயே ஆயத்தம் செய்துவிடுவது நல்லது. நூலக வாசகர் வட்டங்கள், சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம், கவிமாலை போன்ற மாதாந்தரச் சந்திப்புகளில் அடுத்தவர் கையில் என்ன நூல் இருக்கிறது என்று பார்ப்பதும் ஒரு தேடல்தான்.

படிக்கும்போது செய்ய வேண்டியவை

நூலைத் திறக்கும் முன்பே, இதனிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தபின் அந்த வரியைப் பார்க்கும்போது, குறை நூலினுடையதா அல்லது தவறான எதிர்பார்ப்புடன் வந்த நம்முடையதா என்பதைப் பிரித்தறியலாம். நூலக நூல்களில் பென்சிலாலும் கோடிடக் கூடாது; ஆகவே ஒரு நீளத் தாளை மடித்துப் பக்கக்குறியாக வைத்து, பக்க எண்ணையும் இரண்டொரு சொற்களையும் அதிலேயே குறித்து வாருங்கள். எங்கே படிப்பதை நிறுத்தினீர்கள் என்பதையும் குறியுங்கள். எம்ஆர்டியில் இறங்க வேண்டிய நிலையம் வந்ததால் நிறுத்தியதற்கும், சலிப்பு ஏற்பட்டு மூடியதற்கும் உள்ள வேறுபாடு பிறகு மதிப்புரை எழுதும்போது பெரிதும் உதவும். இரவல் காலமான 21 நாட்களை ஒரு கெடுவாக எடுத்துக்கொண்டு, நூலைத் திருப்பித் தரும் முன் பதிப்பு ஆண்டு, பதிப்பகம், பக்க எண்ணிக்கை, மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

வகைக்கேற்ப மாறும் அளவுகோல்

பல வகை நூல்களுக்கு மதிப்புரை எழுதுவோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். குடும்ப நாவலைப் படித்துப் பழகியவர் துப்பறியும் கதையில் பாத்திரங்களின் மனவோட்டம் போதவில்லை என்று எழுதுவார். கவிதை வாசகர் அறிவியல் நூலின் நடை வறண்டிருக்கிறது என்பார். ஒரு நூல் எதைச் செய்ய முற்படுகிறதோ அதை எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அது செய்யத் தகுந்ததுதானா என்பதை அதன் பிறகு கேட்கலாம்.

துப்பறியும் கதையில், முடிவு தெரிந்தபின் முன்பக்கங்களுக்குத் திரும்பிச் சென்று, தடயங்கள் வாசகரின் கண்ணில் படும்படி நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இறுதி இயலில் முதன்முறையாகத் தலைகாட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கியிருந்தால் அது கடுமையான குறை. அதைச் சொல்லும்போதும் குற்றவாளி யார் என்பதை வெளியிடக் கூடாது. ‘விடைக்குத் தேவையான தகவல் வாசகருக்குக் கடைசிவரை தரப்படவில்லை’ என்று எழுதினால் போதும். வரலாற்றுப் புனைவில் ஆசிரியர் எந்தக் கல்வெட்டையும் ஆவணத்தையும் பயன்படுத்தினார், எங்கே கற்பனையைச் சேர்த்தார் என்பதை முன்னுரையிலோ பின்னிணைப்பிலோ சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். பின்னணி சிங்கப்பூராக இருந்தால், தெருப்பெயர், நாணயம், அன்று புழங்கிய ஊர்தி ஆகியவற்றில் ஒன்றிரண்டையாவது நாமே சரிபார்க்க முடியும். 1950களில் நிகழும் கதையில் எம்ஆர்டி ஓடினால், 1987இல்தான் அச்சேவை தொடங்கியது என்று சுட்டிக்காட்டுவது மதிப்புரையாளரின் கடமை.

மொழிபெயர்ப்பு நூல்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அங்கே இருவரின் உழைப்பை ஒருசேர மதிப்பிடுகிறோம். உரிமைப் பக்கத்தில் மூலநூலின் பெயரும் மொழியும் தரப்பட்டிருக்கின்றனவா, மூலமொழியிலிருந்து நேரடியாகச் செய்யப்பட்டதா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று முதலில் பாருங்கள். மூலமொழி தெரியாதவரும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் சிலவற்றை அறியலாம்: உரையாடலில் நீ, நீங்கள், நீர் என்பவை உறவுக்கேற்ப மாறுகின்றனவா, அல்லது பாட்டியும் பேரனும் முதலாளியும் ஒரே குரலில் பேசுகிறார்களா, செயப்பாட்டு வினைகள் தேவையின்றிக் குவிகின்றனவா, உணவுப் பெயருக்கும் வசைச்சொல்லுக்கும் மொழிபெயர்ப்பாளர் என்ன வழி கண்டிருக்கிறார். இவற்றைக் கவனித்து எழுதும் மதிப்புரை, ‘சரளமான மொழிபெயர்ப்பு’ என்ற தேய்ந்த பாராட்டைவிட மொழிபெயர்ப்பாளருக்கும் மகிழ்ச்சி தரும். அவருடைய பெயரை விட்டுவிடுவது மன்னிக்க முடியாத குறை.

கவிதைத் தொகுப்பை ஒரே மூச்சில் படித்து முடிக்காமல், சில நாட்கள் இடைவெளி விட்டு மீண்டும் படித்து, மறுவாசிப்பிலும் நின்ற கவிதைகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள். சமையல் நூலில் ஒரு பண்டத்தையாவது சமைத்துப் பார்க்காமல் எழுதக் கூடாது. சிறார் நூலைச் சிறாரிடம் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்திருங்கள். வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசும் சிங்கப்பூர்க் குழந்தை எந்தச் சொல்லில் தடுக்கியது, எந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டியது என்பவை நம் கருத்தைவிடப் பெற்றோருக்குப் பயன்படும்.

எழுதும்போது

முதல் பத்தியிலேயே நூல் எந்த வகையைச் சேர்ந்தது, யாருக்கு ஏற்றது என்பவை தெரிந்துவிட வேண்டும். கதைச்சுருக்கம் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வெட்டிவிடுங்கள். எல்லா நூலுக்கும் பொருந்தும் வாக்கியங்கள் எந்த நூலைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, வீவக குடியிருப்பைப் பின்னணியாகக் கொண்ட ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றி, ‘ஆசிரியர் சிங்கப்பூர் வாழ்வை உயிரோட்டத்துடன் படம்பிடித்துள்ளார்’ என்று எழுதினால் வாசகருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இதையே, ‘பன்னிரண்டு கதைகளில் எட்டு, மின்தூக்கியிலோ அடித்தளத்திலோ நடக்கும் தற்செயல் சந்திப்பில் தொடங்குகின்றன; முதல் மூன்றில் அது பதற்றத்தை உண்டாக்குகிறது, ஆறாவது கதைக்குள் உத்தி பழகிவிடுகிறது; ஆனால் முதியவர் தம் வீட்டு எண்ணையே மறந்து தளம் தளமாக ஏறி இறங்கும் கதையில், அதே மின்தூக்கி வேறொன்றாகிவிடுகிறது’ என்று எழுதிப் பாருங்கள். நிறையும் குறையும் சான்றோடு வந்துவிடுகின்றன. தீர்ப்பை வாசகரே எட்டிக்கொள்ளலாம்.

நட்சத்திரக் குறியீடு வேண்டாம் என்பது என் கருத்து. சமையல் நூலுக்கு நான்கும் கவிதை நூலுக்கு மூன்றும் கொடுத்தால், அந்த எண்களுக்கு இடையே எந்த ஒப்பீடும் இல்லை.

மேற்கோள் காட்டத் தயங்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திறனாய்வுக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள இடமளிக்கிறது. நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட வேண்டும். ஒரு பத்தி, சில கவிதை வரிகள் என்பது இயல்பான அளவு. முழுக் கவிதையைப் பதிவிட விரும்பினால் அனுமதி கேட்டுவிடுங்கள். இங்கே பெரும்பாலான கவிஞர்களை எளிதில் தொடர்புகொள்ள முடியும்.

அந்த எளிமைதான் நம் சூழலின் சிக்கலும். இன்று யாருடைய நூலைப் பற்றி எழுதுகிறோமோ, அவர் அடுத்த மாதக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். நூலாசிரியர் நண்பர் என்றாலோ, நூலை அன்பளிப்பாகப் பெற்றிருந்தாலோ அதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நண்பரின் நூலைப் பற்றி நேர்மையாக எழுத இயலாது என்று தோன்றினால் எழுதாமல் விடுவதே இருவருக்கும் மரியாதை. குறையைச் சொல்லும்போது வாக்கியத்தின் எழுவாய் நூலாகவோ, இயலாகவோ, பாத்திரமாகவோ இருக்கட்டும். ‘ஆசிரியருக்கு நாவல் எழுதத் தெரியவில்லை’ என்பதும், ‘நான்காம் இயலுக்குப் பிறகு மகளின் பாத்திரம் காரணமின்றி மறைந்துவிடுகிறது’ என்பதும் ஒரே கருத்திலிருந்து பிறந்திருக்கலாம். இரண்டாவதை ஆசிரியர் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ள முடியும். முதல் நூல் எழுதியவரிடம் தொனியில் கனிவு காட்டலாம், தீர்ப்பைத் தளர்த்த வேண்டியதில்லை.

மதிப்புரை 500 முதல் 700 சொற்களுக்குள் அமைவது பொதுவாகப் போதும். அனுப்பும் முன் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் மேற்கோள்களின் பக்க எண்களையும் நூலோடு ஒப்பிட்டு, முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் முரசு, தி சிராங்கூன் டைம்ஸ் போன்ற இதழ்களுக்கு அனுப்புவதாயின், அவை அண்மையில் வெளியிட்ட கட்டுரைகளின் நீளத்தையும் நடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியான பின் ஆசிரியரோ வாசகரோ தகவல் பிழையைச் சுட்டினால், உடனே திருத்தி, திருத்தத்தை நாளிட்டு மதிப்புரையின் கீழேயே தெரிவிக்க வேண்டும். மறுப்பு உங்கள் மதிப்பீட்டைப் பற்றியது என்றால், நூலின் அந்தப் பக்கங்களை மறுபடி படித்துப் பாருங்கள். கருத்து மாறாதவரை மதிப்புரையில் கைவைக்காமல், அவருடைய மறுமொழி முழுமையாக வெளிவர வழிசெய்யுங்கள்.