பிளிக்கர்ஸ் அட்டையை கேமரா படிக்கவில்லையா?

பென்னாகரம் பக்கம் எங்கள் ஏழாம் வகுப்பில் 36 பிள்ளைகள். செல்போன் ஒன்றுதான், அதுவும் ஆசிரியருடையது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி கேட்டு எல்லோர் பதிலையும் பதிவுசெய்ய, அதற்கு பிளிக்கர்ஸ் தோதான செயலி: பிள்ளைகள் கையில் அட்டை மட்டும். அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம், அதன் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. விடை எழுத்து மேலே வரும்படி தூக்கிக் காட்டினால் போன் கேமரா படித்துக்கொள்ளும்.

முதலில் பாதி அட்டைகள் பதிவாகவில்லை. போன்மேல் குறையில்லை, லேமினேஷன்தான் வினை. பளபளப்பில் ஜன்னல் வெயில் பட்டுக் கறுப்புக் கட்டங்கள் வெளுத்துவிடுகின்றன. வெறும் தாளை கெட்டி அட்டையில் ஒட்டியதும் சரியானது. அடுத்தது விரல்: கறுப்பு வடிவத்தை மறைத்தால் படிக்காது, வெள்ளை ஓரத்தைப் பிடிக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் அழகுக்காக அந்த ஓரத்தையே வெட்டிவிடுவார், முன்பே சொல்லிவையுங்கள்.

அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் அச்சிடலாம். வடிவம் ஆளுக்கொன்று, எழுத்தும் பொடி என்பதால் காப்பியடிப்பது எளிதல்ல (முடியாது என்று சொல்ல மாட்டேன்).

தவறான விடைகளைப் பிள்ளைகளின் நோட்டிலிருந்தே எடுங்கள். 1/2 + 1/3 கேட்டால் 2/5-ஐயும் வையுங்கள். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டுகிறவர்கள் அங்கே மாட்டுவார்கள்.