அரியரும் நோ டியூஸ் சான்றிதழும்

பிரிட்டனில் முதுகலைக்கு விண்ணப்பித்தபோது, மூன்றாம் செமஸ்டரில் 2 அரியர் இருந்தது, முடித்துவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். பாக்கி கட்டியதற்குச் சான்று அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. என்ன பாக்கி? ஃபீஸ் எல்லாம் கட்டியாச்சே. சரி என்று சேலம் அஞ்சு ரோட்டிலிருந்து பஸ் ஏறி, மூன்று நாள் கல்லூரி ஆபீசுக்கு அலைந்து நோ டியூஸ் சான்றிதழ் வாங்கி அனுப்பினேன். மறுபடியும் அதே கேள்வி. ஸ்கேன் மங்கலோ என்று கலரில் எடுத்து அனுப்பியது இன்னொரு தண்டம்.

அப்புறம்தான் ஆங்கில அகராதியைப் பார்க்கத் தோன்றியது. அரியர்ஸ் என்றால் அங்கே வாடகை பாக்கி மாதிரி கட்டாத பணம்தான். தேர்வில் கோட்டை விட்டதற்கு நாம்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். மறுபடி எழுதும் தேர்வு அவர்களுக்கு ரீசிட், நம்ம பேப்பர் அங்கே மாட்யூல். ‘இரண்டு மாட்யூலில் முதல் தடவை ஃபெயில், ரீசிட்டில் பாஸ்’ என்று ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன், மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்.

கையோடு ‘பாஸ்டு அவுட்’ என்று எழுதியிருந்ததையும் ‘கிராஜுவேட்டட்’ ஆக்கினேன். அங்கே ‘பாஸ்டு அவுட்’ என்றால் மயங்கி விழுந்தேன் என்று அர்த்தமாம்.